வலக்கை முடிச்சு

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளுக்குப் பெயர் மாறிவிட்டது. காலையில் பதிவேட்டில் எழுதிக் கொடுத்த பெயர் பதிவேட்டோடு நின்றுகொண்டது. மதியம் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ‘இடக்கை’ என்று கூப்பிட்டார்கள். எழுதுவது, வெட்டுவது, கரண்டி பிடிப்பது எல்லாமே அவளுக்கு இடது கைதான். பள்ளிக்கூடத்தில் அதற்காக விரல் முட்டியில் அடி வாங்கியவள். இங்கே அடி இல்லை, ஒரு பெயரோடு போயிற்று.

துணி தேய்க்கும் உருளை இயந்திரத்திலிருந்து சுடச்சுட வெளியே வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பதுதான் அவள் வேலை. மடித்துப் பத்துப் பத்தாக அடுக்கி, கிழிந்த விரிப்பிலிருந்து எடுத்த நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே ஓர் உருவு முடிச்சுப் போட வேண்டும். மேலே வார்டில் செவிலி நாடாவின் நுனியைப் பிடித்து ஓர் இழு இழுத்தால் கட்டு பொலபொலவென்று அவிழ வேண்டும். மற்றவர்கள் கட்டு அப்படித்தான் அவிழும். இடக்கை போட்ட முடிச்சில் மட்டும் நுனி எதிர்ப்பக்கமாகக் கிடக்கும். பழக்கதோஷத்தில் இழுத்தால் இன்னும் இறுகிக்கொள்ளும். “கீழே யாரோ நம்ம மேல வஞ்சம் வெச்சுக் கட்டறாங்க” என்று செவிலிகள் சத்தம் போட்டார்கள். போகப்போகப் பழகிவிட்டது. இடக்கைக் கட்டு வந்தால் முடிச்சோடு மல்லுக்கட்டாமல் நடுவிலிருந்து ஒவ்வொரு விரிப்பாக உருவிக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள்.

அவள் வேலை செய்த நான்காம் மேசையில் எதிரே நின்று மடித்தவள் நீராவி. ஏழு வயது மூத்தவள். கோபம் வந்தால் ‘உஸ்’ஸென்று கிளம்பும், மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். அதனால் வந்த பெயர். கடவுள், கோயில் என்று எதற்கும் போகாதவள். “ஞாயித்துக்கிழமை எனக்குத் தூங்கறதுக்குன்னு கிடைச்ச நாள். அதுல போய் உக்காந்து பாட்டுப் பாடச் சொல்றியே” என்பாள். ஆனால் வேலையில் அவளைப்போல ஒருத்தி கிடையாது. சலவைக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு: உள்ளங்கை படாத விரிப்பு மேலே போகக் கூடாது. மருத்துவமனைத் துணியில் என்ன வேண்டுமானாலும் இருக்கும். உடைந்த கண்ணாடிச் சில்லு, பிளேடு, தையல் ஊசி எல்லாம் துவைப்பிலும் உருளையிலும் தப்பித்து, தைத்த விளிம்புக்குள் பதுங்கிக்கொண்டு வரும். மடிக்கும்போது நான்கு விளிம்பிலும் உள்ளங்கையை ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘கை பார்ப்பது’ என்பார்கள். நீராவி கை பார்க்காமல் விட்ட விரிப்பு அந்தக் கட்டடத்தில் ஒன்றுகூட இருந்திருக்காது.

இடக்கை ஒரே ஒரு நாள் விட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அவள் சேர்ந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. கை மெதுவாக ஓடுகிறது என்று அதற்குள் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள்; மூன்றாவது வந்தால் வீட்டுக்கு. பேருந்து ஓட்டுநரான கணவர் முதுகு பிடித்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். அன்று மாலை கடைசி இரண்டு கட்டு பாக்கி. கடிகாரத்தைப் பார்த்தாள், மேற்பார்வையாளரைப் பார்த்தாள், விரிப்பைப் பார்க்கவில்லை. கை பார்க்காமல் மடித்து, கட்டி, பெண்கள் வார்டு வண்டியில் தூக்கி வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் லிஃப்ட்காரர்தான் செய்தி கொண்டு வந்தார். பெண்கள் வார்டில் ஒரு செவிலி விரிப்பை உருவும்போது உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. எந்த நோயாளியின் உடம்பைத் தைத்த ஊசியோ, ஆறு மாதம் அந்தப் பெண் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டு அப்படியே கீழே வருகிறது. சீட்டில் நான்காம் மேசை என்று இருக்கிறது.

இடக்கை கேட்டதும் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். மூடியின்மேல் உட்கார்ந்து, முகத்தை ஏப்ரனுக்குள் புதைத்து இருபது நிமிடம். வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மேற்பார்வையாளர் கூடத்தின் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“முடிச்சே சொல்லுது. வலது கை முடிச்சு. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க.”

அவங்க என்றால் நீராவி. மறுநாளே அவளை மேசையிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். அழுக்குத் துணி வந்து விழுகிற அறை. ரத்தம், சீழ், வாந்தி எல்லாவற்றையும் கையுறை போட்ட கையால் பிரித்துப் போட வேண்டும். ஜன்னல் கிடையாது. அடுத்த வருடம் மேற்பார்வையாளர் ஆகியிருக்க வேண்டியவள் அங்கேயே நின்றுபோனாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே தலைக்கு வந்தது பக்கத்துத் தலைக்குப் போயிற்று.

முதலில் ஒரு வாரம் இடக்கை தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள். முடிச்சே சொல்கிறதே, நீராவியும் ஒத்துக்கொண்டாளே, உண்மையிலேயே அவள் கட்டாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் பல் துலக்கும்போது ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் குழந்தைகள் வார்டுக் கட்டெல்லாம் நீராவியுடையது. பெண்கள் வார்டுக்குக் கட்டியது தான் ஒருத்திதான். அப்படியானால் வலக்கை முடிச்சு எப்படி வந்தது? மேற்பார்வையாளர் சரியாகப் பார்த்திருக்க மாட்டார், விசாரித்த அன்று பல் பிடுங்கிக்கொண்டு வந்த மயக்கத்தில் நீராவியும் தலையாட்டியிருப்பாள் என்று அந்த இடத்திலேயே யோசனையை நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் யோசித்தால் தாங்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

செவிலியின் சோதனைகள் ஆறு மாதமும் நல்லபடியாக வந்தன. அதைக் கேட்ட அன்று இடக்கை அழுதாள். ‘பாரு, எவ்வளவு இளகின மனசு’ என்றார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குச் சோறு இறங்காது. பேசினால் வேலை போகும் என்ற பயம் முதல் வருடம். கணவர் எழுந்து மறுபடி பேருந்து ஓட்டத் தொடங்கிய பிறகு அந்தக் காரணமும் இல்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டோமே என்ற வெட்கம்தான் மிச்சம். அதுவே பூட்டாகிவிட்டது. அதனால் ஈடு செய்யத் தொடங்கினாள். தன் இடைவேளையில் கீழே இறங்கிப் போய் நீராவியோடு நின்று பிரித்துக் கொடுத்தாள். சூப் காய்ச்சிக் குடுவையில் கொண்டு போனாள். நீராவிக்கு முழங்கால் வலி வந்தபோது அவள் வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு வந்தாள். கீழ்த்தளத்துக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினாள், சாம்பல் நிறம், கழுத்தருகே மூன்று பொத்தான். “என்னம்மா, அந்த அக்காவுக்குத் தத்துப் போயிட்டியா? சொல்லிட்டுப் போ, நானும் வரேன்” என்று கணவர் கிண்டல் செய்தார்.

சபையிலும் இதே கதை. வாடகைக் கூடத்தில் நடக்கும் சிறிய சபை. நாற்காலி போடுவது அவள், எடுப்பது அவள், திருவிருந்து மேசைத் துணியைத் துவைத்துச் சுருக்கமில்லாமல் விரிப்பது அவள். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து அப்பத் தட்டு வரிசையில் நகர்ந்து வரும்போது, தனக்குத் தகுதியில்லை என்று தான் எடுக்காமல் பக்கத்தவருக்கு நீட்டிவிடுவாள். சேவை செய்கிற அவசரத்தில் எடுக்க மறந்துவிடுகிறாள் என்று நினைத்தார்கள். “இந்தம்மா மாதிரி ஊழியம் யாரு செய்வா?” என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் காது மடல் எரியும். திட்டு வாங்கினால்கூட நிமிர்ந்து நிற்கலாம். பாராட்டுக்குத்தான் அவளால் நிமிர முடியவில்லை.

இந்த வருடம் ஒரு மாதத்தின் கடைசி ஞாயிறு, புதிதாக வந்த போதகர் கிருபையைப் பற்றிப் பேசினார். இளம் வயது, மேடைக்கு இன்னும் கூச்சம் விடவில்லை. பேச்சை நிறுத்தித் திடீரென்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

“ஒரு குழந்தை பிறக்குது. அந்தப் பிரசவத்துக்குக் குழந்தை என்ன உதவி செஞ்சுது?”

முன்வரிசையில் ஐந்து பிள்ளை பெற்ற அம்மா ஒருத்தி, “ஒரு உதவியும் செய்யல பாஸ்டர். நடுவுல திரும்பிப் படுத்துக்கிச்சு” என்றாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: “அவ்வளவுதாங்க நம்ம பங்கும். அவர் நம்மை இரட்சிக்கும்போது நாம திரும்பிப் படுத்துக்கிட்டுத்தான் இருந்தோம். நாம எதையும் கொடுத்து வாங்கல. இனிமே கொடுத்தும் தீர்க்க முடியாது.”

இடக்கை சிரிக்கவில்லை. கொடுத்துத் தீர்க்க முடியாது என்ற சொல் அவளுக்கு நற்செய்தியாகக் கேட்கவில்லை; தீர்ப்பு வாசித்த மாதிரி இருந்தது. பதினோரு வருடச் சூப்பும் ஸ்வெட்டரும் நாற்காலியும் மேசைத் துணியும் எந்தக் கணக்கிலும் சேராதென்றால் அவள் கையில் என்னதான் இருக்கிறது?

மறுநாள் திங்கட்கிழமை சலவைக்கூடத்துக்குப் போனதும் இப்போதைய மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டாள். பழையவர் போய் மூன்றாவதாக வந்தவள்.

“வெள்ளிக்கிழமை நீராவிக்கு விடைகொடுக்கறோம். அறுபது முடியுது, ஓய்வு. மகள் இருக்கிற ஊருக்கே போயிடறாங்களாம், அடுத்த வாரமே. நீங்க நாலு வார்த்தை பேசணும்.”

“நான் எதுக்கும்மா? எனக்குப் பேச வராது.”

“உங்களை விட்டா யாரு? அவங்களுக்கு உங்க அளவுக்கு நல்லது செஞ்சவங்க இங்க யாரு இருக்கா சொல்லுங்க.”

அவ்வளவுதான், கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. பேசாமல் அனுப்பிவிட்டால் இனி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. சொன்னால், பதினோரு வருடம் ‘தங்கச்சி, தங்கச்சி’ என்று அழைத்த வாய் இனி எப்படி அழைக்குமோ. அன்று முழுக்க மடித்த விரிப்பையே மறுபடி மறுபடி கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கினாள்.

நீராவி முழங்கை வரை கையுறை போட்டு, மாடிகளிலிருந்து துணி இறங்கும் குழாய் வழியாக வந்து விழுந்த குவியலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சாம்பல் ஸ்வெட்டர் சுவர் ஆணியில் தொங்கியது.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு. மூக்கைப் பொத்திக்கிட்டுச் சொல்லு. இன்னைக்கு ஆபரேஷன் தியேட்டர் துணி.”

“அந்த ஊசி…”

“எந்த ஊசி? வாரத்துக்கு நாலு பொறுக்கறேன் இங்க.”

“பதினோரு வருஷத்துக்கு முந்தி. பெண்கள் வார்டுக் கட்டு. அது உங்க கட்டு இல்லக்கா. என்னோடது. கடைசி ரெண்டுக்கு நான் கை பாக்கல. தெரிஞ்சேதான் விட்டேன். அப்புறம் உங்க மேல பழி போனப்ப வாயைத் திறக்கல.”

நீராவி கையிலிருந்த அங்கியை அதற்குரிய தொட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். “இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு வந்தே? உனக்குத்தான் ஏதோ பெரிய வியாதின்னு பயந்துட்டேன்.”

“அக்கா, நான் சொன்னது காதுல விழுந்துதா?”

“விழுந்துது. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உன் கட்டுன்னு தெரியும். லிஃப்ட்ல வந்து இறங்கினப்பவே பாத்தேன், நுனி அந்தப் பக்கம் கிடந்துது. ஊருக்கே தெரியுமே உன் முடிச்சு. சூப்பர்வைசர் மேல போன் பேசப் போயிருந்தார். அவிழ்த்து, என் முடிச்சாப் போட்டு வெச்சேன்.”

இடக்கை அழுக்குத் துணித் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்க்கா?”

“ஏன்னா? அது உனக்கு மூணாவது கடுதாசி. உன் வீட்டுக்காரர் வேற படுத்துக் கிடந்தார். உன்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பாங்க, என்னைப் படியை விட்டுத்தான இறக்கினாங்க. பெருசா யோசிச்செல்லாம் செய்யல. பல்லுப் பிடுங்கிட்டு நேரா வந்தேன், வாய் மரத்துக் கிடந்துது. வாய் மட்டும் வேலை செஞ்சிருந்தா அங்கேயே கூப்பாடு போட்டு உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன். கைதான் வேலை செஞ்சுது.”

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“வலது கை கொடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்வாங்க இல்ல? நீதான் இடக்கை ஆச்சே.” தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தாள் நீராவி.

அத்தோடு விட்டிருக்கலாம். இடக்கைக்கு விடத் தெரியவில்லை. வாய் தானாக உளறியது.

“அப்ப நான் இத்தனை வருஷம் செஞ்சதெல்லாம் வீணா…”

“எதெல்லாம்?”

“இங்க வந்து கூட நின்னது. சூப்பு. உங்க வீட்டுத் தரை. எல்லாம். உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். எப்படியாவது ஈடு கட்டிடணும்னு…”

நீராவியின் சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாகக் கையுறையைக் கழற்றினாள், முதலில் ஒன்று, பிறகு மற்றது.

“ஸ்வெட்டர்?”

இடக்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

“அதைப் போட்டுக்கிட்டு லிஃப்ட்காரன்ல இருந்து டாக்டர் வரைக்கும் காட்டினேன்டி. என் தங்கச்சி பின்னினதுன்னு. கூடப் பொறந்தது எனக்கு இல்ல, இங்க வந்து கிடைச்சிருக்குன்னு மகள்கிட்ட போன்ல சொன்னேன். அது அபராதமா? பதினோரு வருஷமா எங்கிட்ட அபராதம் கட்டிட்டு இருந்தியா நீ?”

“அது மட்டும் இல்லக்கா. உங்க மேல ஆசையும்தான். எது எவ்வளவுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல.”

“நான் சும்மா கொடுத்தேன். உன்னை யாரு விலை கேட்டா?”

‘உஸ்’ஸென்று கிளம்பியதுதான். ஆனால் மூன்று நிமிடத்தில் அடங்கவில்லை. “போ, மேல போ. எனக்கு வேலை இருக்கு” என்று முதுகைக் காட்டிக்கொண்டாள். அந்த அறையிலிருந்து பதினோரு வருடத்தில் முதல்முறையாக இடக்கை எந்த வேலையும் செய்யாமல் படியேறினாள்.

குற்றவாளி என்பது அவளுக்குப் பழகிய வெட்கம். இது வேறு. ஒருத்தி வாரி வழங்கியதை, வழங்கியது என்று தெரியாமல், தான் சிறுகச்சிறுகக் கொடுத்துத் தீர்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்த வெட்கம். அதைவிட, யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். வலக்கை முடிச்சு தானாக விழாது. யோசிக்காமல் விட்டதே அவள்தான்.

புதன்கிழமை மேற்பார்வையாளர் அம்மாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றிக்கொண்டு கணினியில் தேடினாள். அலமாரியில் தேடினாள்.

“அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன விசாரணைத் தாளெல்லாம் அரைச்சுடுவாங்கம்மா. எதுவும் இல்ல. இல்லாத தாள்ல நான் எதைத் திருத்தறது?”

“எனக்குத் தண்டனை ஏதாவது…”

“எந்தச் சட்டத்துல கொடுக்கறது? வேணும்னா வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு மேசை துடைங்க.”

நகைச்சுவைக்காகத்தான் சொன்னாள். இடக்கை நிஜமாகவே துணி எடுக்கக் கிளம்பிவிட்டாள். வாசல்வரை போய், என்ன செய்கிறோம் என்று உறைத்து, தன் மடிப்பு மேசைக்கே திரும்பி வந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை உருளையை நிறுத்திவிட்டு முப்பது பேர் கூடினார்கள். கேக் வெட்டினார்கள். நீராவி ஸ்வெட்டர் போடாமல் வந்திருந்தாள். இடக்கையின் முறை வந்தது. எழுதி வைத்திருந்த தாளைப் பிரிக்கவே இல்லை.

“நான் இவங்களுக்கு நல்லது செஞ்சேன்னு எல்லாரும் சொல்றீங்க. இல்ல. பதினோரு வருஷத்துக்கு முந்தி ஊசி இருந்த கட்டு என்னோடது. இவங்க முடிச்சை மாத்திக் கட்டி, பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாங்க. நான் பேசாம இருந்தேன். இவங்க கீழ போனது என்னாலதான்.”

உருளை இயந்திரக்காரர், “எந்த ஊசி?” என்று பக்கத்தில் கேட்டார். பாதிப் பேர் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள். தெரிந்த நான்கைந்து பேர் அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கு உடம்பு முழுக்கக் கூசியது. ஒருத்தி கேக் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அது நியாயம்தான் என்று இடக்கைக்குத் தோன்றியது.

நீராவி எழுந்து வந்தாள். எல்லோர் முன்னாலும் அவள் காதோரம் குனிந்து சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா. திங்கக்கிழமை கிளம்பறேன். ஒண்ணும் எடுத்துட்டு வரக் கூடாது. வாசல்ல நிறுத்திப் பையைச் சோதிப்பேன்.”

“கோவம் போச்சாக்கா?”

“பாதி. மீதி ஞாயித்துக்கிழமைக்குள்ள போயிடும்.”

அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பத் தட்டு வரிசையில் வந்தது. இடக்கை அதை வாங்கி, மற்ற மாதங்களைவிட அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். கழிவறைத் தாழைப் போட்டுக்கொண்டு தான் உட்கார்ந்திருந்த இருபது நிமிடம் நினைவுக்கு வந்தது. அழுததும் ஒளிந்ததும்தான் அவள் செய்தது. வெளியே ஒருத்தியின் கை அதற்குள் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தது. இவள் கேட்கவில்லை, வருந்தவில்லை, இவளுக்குத் தெரியவும் இல்லை. ஒரு மனுஷி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற மனுஷி, இப்படிச் செய்ய முடியுமென்றால், இந்தத் தட்டை நீட்டுகிற ஆண்டவர் செய்தது எவ்வளவாக இருக்கும்! அந்த எண்ணத்தின் பாரத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பக்கத்திலிருந்த முதியவர், “என்னம்மா, கனக்குதா?” என்றார். இந்த முறையும் எடுக்காமலே தட்டை அவரிடம் கொடுத்துவிட்டாள்.

கூட்டம் முடிந்து நடந்தாள். பழக்கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. நான்கு ஆரஞ்சு வாங்கினால் யாருக்குத் தெரியும்? பூக்கடையில் மறுபடி நின்றாள். கைகள் எதையாவது பிடித்துக்கொள்ளத் துடித்தன. கடைசியில் இரண்டையும் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள்.

கதவைத் திறந்த நீராவி உண்மையாகவே பையைத் தடவிப் பார்த்தாள்.

“பைக்குள்ள என்ன?”

“கைதான்க்கா.”

“கையை உள்ள கொண்டு வரலாம். வா.”

வீடு முழுக்கப் பெட்டிகள். சமையலறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் மட்டும் மிச்சம். சுவரோரம் கட்டாமல் கிடந்த பாத்திரங்களைப் பார்த்ததும் இடக்கை காகிதம் சுற்ற உட்காரப் போனாள்.

“தொடாதே. உக்காரு.”

“இதையாவது…”

“உக்காருன்னா உக்காரு. என் வீட்டுக்கு வந்தவ நீ. வேலைக்காரியா வந்தே?”

உட்கார்ந்தாள். நீராவி தட்டு வைத்தாள். சோறு, வதக்கிய கீரை, முட்டை. பக்கத்தில் கெட்டியான சூப். எதிரே தனக்கும் வைத்துக்கொண்டு, இடக்கை குனிந்து ஜெபம் பண்ணி முடிக்கும்வரை கரண்டியைத் தொடாமல் காத்திருந்தாள்.

“முடிஞ்சுதா? உங்க ஆளுகிட்ட என்னைப் பத்தியும் ரெண்டு வார்த்தை போட்டியா?”

“ஒரு வார்த்தையும் வரலக்கா. வெக்கமாத்தான் இருக்கு.”

“இருக்கட்டும். வெக்கத்தோடயே சாப்பிடு. ஆறிடும்.”

இடக்கை சாப்பிட்டாள். முதல் வாய் தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது. கண்ணீர் மூக்கு வழியாக வந்தது. துடைக்கத் துணி தேடினாள், நீராவி மேசைமேல் இருந்த துண்டை நகர்த்தி வைத்தாள். இருவரும் மகள் ஊரின் குளிரைப் பற்றி, அங்கே பேருந்துகள் வருகிற லட்சணத்தைப் பற்றிப் பேசினார்கள். முடிச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. தட்டு காலியானதும் அவள் கை வழக்கம்போல அதைத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் போகப் பார்த்தது. நீராவி அந்த மணிக்கட்டைப் பிடித்து மேசைமேல் வைத்தாள். வைத்த கை அங்கேயே கிடந்தது, செய்ய ஒன்றுமில்லாமல்.

“இன்னும் கொஞ்சம் போடவா?” நீராவி அகப்பையோடு நின்றாள்.

வேண்டாம், நானே போட்டுக்கறேன், உங்களுக்கு இருக்கா பாருங்க என்று நாக்கு நுனியில் மூன்று பதில் வரிசை கட்டி நின்றன. மூன்றையும் விழுங்கினாள். முகம் சிவக்க, தட்டை முன்னால் தள்ளினாள்.

“போடுங்கக்கா.”